அதிரசத்துக்கு ஈர மாவா, ரெடிமேட் மாவா? நோன்புக்கு 21 சுடணும்

வாணியம்பாடி_வசு

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல தீபாவளி அமாவாசைக்கு கேதார கௌரி நோன்பு எடுப்போம். 21 அதிரசம், 21 வெத்தலை, பாக்கு, மஞ்சக்கிழங்கு, நோன்புக் கயிறு எல்லாம் தட்டுல வச்சு கோயிலுக்கு கொண்டுபோய் படைச்சு எடுத்துட்டு வர்றது வழக்கம். இத்தனை வருஷமா மாவு கிளறறது எங்க அத்தை கை தான், நான் தட்டிக் கொடுக்கறதோட சரி. இந்த வருஷம் அவங்களுக்கு தோள்பட்டை வலி, கரண்டி பிடிச்சு கிளற முடியாது, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன் நீயே கிளறுன்னுட்டாங்க. அத்தை ஈர மாவு தான்னு உறுதியா இருக்காங்க, வீட்டுக்காரர் என்னடான்னா கடையிலயே கிளறின மாவு கிலோ கணக்குல விக்குது வாங்கிட்டு வந்துடறேன் ஏன் கஷ்டப்படறீங்கங்கறார். நோன்புக்கு வைக்கிறது, எண்ணெயில பிரிஞ்சு போச்சுன்னா மனசே கஷ்டமாயிடும். எது நல்லது, எப்படி செஞ்சா தப்பாம வரும், செஞ்சு பழகினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நெய்வேலி_சரளா

வசும்மா, அத்தை சொல்றது தான் சரி, ஈர மாவே செய்ங்க. பயப்படவே வேணாம்.

மாவுப் பச்சரிசின்னு கேட்டு வாங்குங்க, இல்ல ஐஆர் 20 பச்சரிசி. பாஸ்மதி, பொன்னி பச்சரிசி எல்லாம் இதுக்கு வேணாம். கழுவி 2 மணி நேரம் ஊறட்டும், வடிகட்டி வெள்ளை வேட்டியில நிழல்ல பரப்பி விடுங்க, ஃபேன் கூட வேணாம். இங்க தான் எல்லாமே இருக்கு. அரிசியை கையில அள்ளினா கையில ஒட்டணும், ஆனா தண்ணி சொட்டக் கூடாது, அந்த நேரத்துல எடுத்து அரைக்கணும், கொஞ்சம் விட்டீங்கன்னா காஞ்சுடும். மிக்ஸில கொஞ்சம் கொஞ்சமா போட்டு சலிச்சு, மேல நிக்கிற குருணையை திரும்ப அரைச்சுக்கோங்க. மாவை கையில இறுக்கிப் பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி பிடிபடணும், விரலால தட்டினா உதிரணும். சலிச்ச மாவை மூடி வைங்க, திறந்து வச்சுட்டு வெல்லம் தட்டப் போனீங்கன்னா மேல் மாவு காஞ்சு போயிடும்.

1 கிலோ அரிசிக்கு முக்கா கிலோ வெல்லம். உங்களுக்கு 21 தானே, அரைக் கிலோ அரிசி போட்டா சின்னதா தட்டினா 25 பக்கம் வரும். ஆனா முதல் தடவை தனியா கிளறறீங்க, முக்கா கிலோவா போட்டுக்கோங்க, கையில கொஞ்சம் உபரி இருக்கறது நிம்மதி.

பாகு: வெல்லத்தை கொஞ்சமா தண்ணி விட்டு கரைச்சு, வடிகட்டி மண்ணு எடுத்துட்டு அடி கனமான பாத்திரத்துல வைங்க. பக்கத்துல ஒரு கிண்ணத்துல தண்ணி. பாகு நுரைச்சு மேல வர ஆரம்பிச்சதும் ஒரு சொட்டு தண்ணில விட்டுப் பாருங்க. கரைஞ்சு ஓடினா இன்னும் ஆகல. கரையாம அடியில நின்னு, விரலால கூட்டினா மெத்துனு உருண்டு வரணும், அது தான் பதம். அந்த உருண்டையை தட்டுல போட்டு டங்குனு சத்தம் கேட்டுச்சுன்னா பதம் தாண்டிப் போச்சு, அது பொருள்விளங்கா உருண்டைக்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது. மெத்து உருண்டை வந்த நொடி அடுப்பை அணைச்சுட்டு ஏலக்காய், சுக்குப்பொடி போட்டு, ஒருத்தர் மாவை தூவ ஒருத்தர் கிளறணும். மாவு முழுசையும் கொட்டாதீங்க, ஒரு கைப்பிடி நிறுத்தி வைங்க. கிளறி முடிக்கும்போது தோசை மாவை விட கெட்டியா, கரண்டியில இருந்து மடிஞ்சு விழற மாதிரி இருந்தா போதும், ஆறினா தானா இறுகும். சூட்டுலயே சப்பாத்தி மாவு பதத்துக்கு கொண்டு வந்துட்டா மறுநாள் கல்லு தான்.

மேல நெய் தடவி, துணி கட்டி 2 நாள் வைங்க. மீதிய அப்புறம் எழுதறேன், குக்கர் விசில்.

பிரகாஷ்_பெரம்பூர்

சரளா அக்கா சொல்றது எல்லாம் சரி, ஆனா நான் வேற பக்கம் பேசறேன். எங்க வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், அரிசி ஊற வச்சு நிழல்ல உலர்த்தி பதம் பார்த்து நிக்க ஆளில்ல. 3 வருஷமா கிளறின மாவு வாங்கித் தான் சுடறோம், நல்லாவே வருது. எல்லா ரெடிமேட் மாவும் மோசம்னு சொல்றது நியாயமில்ல. எங்க தெருவுல ஒரு பாட்டி வீட்டுல கிளறி விக்கறாங்க, அவங்களும் ஈர மாவு தான் போடறாங்க. பாக்கெட்டுல வர்ற காஞ்ச மாவு, வெல்லத்தூள் சேர்த்த மிக்ஸ், அது வேற. அத நானும் சிபாரிசு பண்ண மாட்டேன். ஆனா கை தெரிஞ்ச ஆள் கிட்ட கிளறின மாவு வாங்கறதுல என்ன தப்பு? எங்கம்மா ரெண்டு நாள் இடுப்பொடிஞ்சு நின்னது எனக்குத் தெரியும், அந்த கஷ்டத்த யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல.

நெய்வேலி_சரளா

தப்புன்னு சொல்லவே இல்ல தம்பி. அந்தப் பாட்டி மாதிரி ஆள் கிடைச்சா கண்ண மூடிட்டு வாங்கலாம். நான் சொல்றது இனிப்புக் கடையில தொட்டியில வச்சு விக்கிற மாவு. அது எந்த அரிசி, என்னைக்கு கிளறினது, பதம் தப்பினதுக்கு மைதா எவ்வளவு கொட்டினாங்க, ஒண்ணும் தெரியாது. மைதா போட்டா பிரியாது, அது உண்மை தான், ஆனா கடிச்சா இழுக்கும். நல்ல அதிரசம் ஓரம் லேசா மொறுமொறுன்னு, நடுவுல மெத்துனு, பிட்டா உள்ள பொறுபொறுன்னு இருக்கணும், அது அரிசி மாவுல மட்டும் தான் வரும்.

உணவு_கார்த்தி

நான் ஃபுட் டெக்னாலஜி படிச்சவன், இந்த ஈர மாவு விஷயத்துக்கு காரணம் சொல்றேன், காரணம் தெரிஞ்சா பதம் பிடிக்கறது சுலபமாயிடும்.

ஊறின அரிசி உள்ள வரைக்கும் ஈரம் ஏறி மெதுவாகிடும், அரைக்கும்போது சூடாகாம நைசா உடையும். காஞ்ச அரிசிய மெஷின்ல கொடுத்தா மாவு சூடாகி அதுல இருக்கற ஸ்டார்ச் சேதமாகும், அந்த மாவு பாகை தாறுமாறா உறிஞ்சும், ஆறினதும் வறண்டு இறுகிடும். ஈர மாவுல சூடான பாகு விழும்போது ஸ்டார்ச் பாதி வேகுது. ரெண்டு நாள் வைக்கும்போது ஈரம் எல்லா இடத்துக்கும் சமமா பரவுது, மாவு லேசா புளிக்கவும் செய்யும். அப்புறம் எண்ணெயில போடும்போது மீதி ஸ்டார்ச் வெந்து வலை மாதிரி பிடிச்சு வெல்லத்தை உள்ளயே நிறுத்துது.

எண்ணெயில பிரியறது ஏன்னா, அந்த வலை உருவாகறதுக்கு முன்னாடியே வெல்லம் உருகி ஓடிடுது. வெல்லம் அதிகம், இல்ல பாகு இளசு, இல்ல எண்ணெய் சூடு பத்தல, இந்த மூணுல ஒண்ணு. கல்லு மாதிரி ஆகறதுக்கு பாகு முத்தினது, இல்ல மாவு காஞ்சது காரணம். கேண்டி தெர்மாமீட்டர் இருந்தா 112ல இருந்து 116 டிகிரி செல்சியஸுக்குள்ள அணைச்சிருங்க, சரளாக்கா சொன்ன மெத்து உருண்டை அது தான். தெர்மாமீட்டர் இல்லன்னாலும் அந்த தண்ணிக் கிண்ணம் போதும், அது ஏமாத்தவே ஏமாத்தாது.

விஜயவாடா_சுந்தர்

எங்க அலுவலகத்துல எல்லாரும் தெலுங்குக்காரங்க, இங்க இதே பலகாரத்த அரிசெலுன்னு சங்கராந்திக்கு செய்வாங்க. புது அறுவடை அரிசி, புது வெல்லம், எள்ளு தாராளமா. இவங்களும் ஊற வச்ச ஈர மாவு தான், பாகு தான். ஒரு வித்தியாசம், பாகு கிளறின சூட்டோட அன்னைக்கே சுட்டுடுவாங்க, நம்மள மாதிரி நாள் கணக்கா வைக்கறதில்ல. எண்ணெயில இருந்து எடுத்ததும் ரெண்டு மரப்பலகைக்கு நடுவுல வச்சு அழுத்தி எண்ணெயப் பிழிஞ்சிடுவாங்க. அந்தப் பலகைய வருஷம் முழுக்க பரண்ல வச்சிருந்து இதுக்குன்னே இறக்குவாங்க.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. குழந்தை சிரிக்க ஆரம்பிச்சா எள்ளுருண்டை, குப்புற விழுந்தா போளி, முதல் அடி எடுத்து வச்சா அரிசெலு. அரிசெலைய வரிசையா அடுக்கி அதுமேல குழந்தைய கைப்பிடிச்சு நடக்க விட்டு, வந்தவங்களுக்குப் பங்கு போடுவாங்க. எங்க வீட்டு கீழ்த்தளத்துல அப்படி ஒரு விசேஷத்துக்குப் போனேன், பாப்பா நாலு அடி வச்சுட்டு உக்காந்து ஒண்ணைக் கையில எடுத்து கடிக்க ஆரம்பிச்சிடுச்சு, யாராலயும் பிடுங்க முடியல.

புனே_லலிதா

பாகு இல்லாமலே இதை செய்யறாங்க தெரியுமா? மகாராஷ்டிராவுல அனாரசா. அரிசியை 3 நாள் ஊற வைப்பாங்க, தினமும் தண்ணி மாத்தணும். அப்புறம் துணியில உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைச்சு, துருவின வெல்லம் இல்லன்னா பொடிச்ச சர்க்கரையை அப்படியே போட்டு கொஞ்சம் நெய் விட்டுப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு டப்பால போட்டு 4, 5 நாள் மூடி வச்சிடுவாங்க. மாவுல இருக்கற ஈரத்துலயே வெல்லம் இளகி தானா சேர்ந்துக்கும். கசகசா மேல தட்டி, கசகசா பக்கம் மேல இருக்கற மாதிரி நெய்யில விட்டு, திருப்பவே மாட்டாங்க, கரண்டியால சூடான நெய்யை மேல அள்ளி அள்ளி விடுவாங்க. மேல் பக்கம் முழுக்க வலை வலையா ஓட்டை விழணும், அது தான் அழகு.

அதிக மாசம், அதாவது சில வருஷத்துக்கு ஒரு தடவை பஞ்சாங்கத்துல கூடுதலா வர்ற மாசம், வந்தா மாப்பிள்ளைக்கு 33 அனாரசா வச்சுக் கொடுக்கறது இங்க பெரிய சடங்கு. 2023ல அதிக சிராவணம் வந்தப்ப எங்க பில்டிங்ல மாப்பிள்ளை இருக்கற வீடெல்லாம் ஒரே நெய் வாசனை.

அதனால சரளாக்கா, பாகு தான் எல்லாமேன்னு சொல்ல முடியாது. ஆனா ஈர மாவு மட்டும் இங்கயும் மாறல பாருங்க, காஞ்ச மாவுல அனாரசா யாரும் செய்ய மாட்டாங்க.

நெய்வேலி_சரளா

லலிதா, 3 நாள் ஊற வச்சா புளிப்பு வாடை வராதா? கேக்கவே புதுசா இருக்கு.

புனே_லலிதா

தினமும் தண்ணி மாத்தறதால வாடை இல்ல. ஒரு சின்ன புளிப்பு இருக்கும், அதுவும் நெய்யில பொரிஞ்சதும் தெரியாது. அந்தப் புளிப்பு தான் ஓட்டை விழ வைக்குதுன்னு எங்க மாமி சொல்வாங்க. பீகார்ல கயா பக்கமும் அனர்சா உண்டு, அது உருண்டையா, மேல எள்ளு, உள்ள கோவா வச்சிருப்பாங்க, அது தனி ருசி.

யாழ்_வதனி

எங்கட ஊரில இதுக்குப் பேர் அரியதரம். நாங்கள் பச்சையரிசிய ஊறப்போட்டு இடிச்சு, அரிச்செடுத்து, சீனிப்பாணி காய்ச்சி அதில குழைச்சு வைக்கிறது. கலியாண வீடெண்டால் அரியதரம் இல்லாமல் பலகாரத் தட்டம் இல்லை. கலியாணத்துக்கு முதல் பலகாரச் சூடு எண்டு ஒரு நாள் வைச்சு, சொந்தக்காரப் பொம்பிளையள் எல்லாரும் வந்திருந்து அரியதரம், பயத்தம் பணியாரம், சிப்பி, முறுக்கு எண்டு சுடுறவை. பாணிப்பதம் பாக்கிறதுக்கு எண்டே ஊருக்கு ஒரு அம்மா இருப்பா, அவ வந்து சரி எண்டு சொன்னாப் பிறகு தான் மாவைக் கொட்டலாம். நான் இப்ப இருக்கிறது டொரொண்டோவில, இங்கயும் கலியாணத்துக்குப் பலகாரச் சூடு வைக்கிறம், ஆனால் மா கடையில வாங்கினது தான், அந்த இடிச்ச மாவின்ர ருசி வராது.

வாணியம்பாடி_வசு

படிக்கப் படிக்க சந்தோஷமா இருக்கு, எல்லாருக்கும் நன்றி. அத்தைக்கும் வாசிச்சுக் காட்டினேன், வதனி அக்கா எழுதினதைக் கேட்டுட்டு எங்க ஊர்லயும் கல்யாணத்துக்கு இப்படித் தான் உக்காந்து சுடுவோம்னு ரொம்ப நேரம் பேசினாங்க.

இப்ப வெல்லம் சந்தேகம். கடையில வெளுப்பா மஞ்சளா அச்சு வெல்லம் இருக்கு, கருப்பா உருண்டை வெல்லம் இருக்கு, எது வாங்கறது? ஒரு தடவை மஞ்சள் வெல்லத்துல அத்தை கிளறினப்ப மாவு எல்லாம் மணல் மணலா ஆயிடுச்சு.

குடியாத்தம்_மண்டி

எங்க அப்பா காலத்துல இருந்து வெல்ல வியாபாரம், இதுக்கு நான் பதில் சொல்றேன். வெளுத்த வெல்லம் வாங்கவே வாங்காதீங்க. கரும்புச்சாறு காய்ச்சும்போது நிறம் எடுக்க ஹைட்ரோஸ்னு ஒரு மருந்து போடறாங்க, பார்வைக்கு பளிச்சுன்னு இருக்கும், உடம்புக்கும் நல்லதில்ல ருசியும் இல்ல. சில இடத்துல சர்க்கரைய கலந்தே காய்ச்சறாங்க. மணல் மணலா ஆனதுக்கு காரணம் அனேகமா அந்த சர்க்கரை தான், ஆறும்போது திரும்ப படிகமா மாறிடும்.

கேக்கும்போது பாகு வெல்லம்னு கேளுங்க. கருஞ்சிவப்பா, நகத்தால அழுத்தினா லேசா பதியற மாதிரி இருக்கும். வேலூர் பக்கம் அணைக்கட்டு வெல்லம் உங்க ஊருக்கு கிட்ட தான், நல்லா இருக்கும். வாயில ஒரு துண்டு போட்டுப் பாருங்க, உப்புக் கரிச்சா அந்த வெல்லம் வேணாம், பாகு சரியா ஏறாது. புது வெல்லமா இருந்தா தண்ணி இன்னும் கம்மியா விடுங்க, அதுலயே ஈரம் இருக்கு.

ஈரோட்டு_செல்வி

நாங்க நாட்டுச்சர்க்கரையில செய்யறோம் அக்கா, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போறது அது தான். நல்லா வருது, ஆனா சீக்கிரம் பாகு முத்திடும், அடுப்பை விட்டு நகரவே கூடாது.

டேராடூன்_ரவி

லேட்டா வர்றேன். ராணுவத்துல இருந்தேன், இப்ப டேராடூன்ல செட்டில். இங்க உத்தரகாண்ட்ல கட்வால் மலையில அர்சான்னு ஒண்ணு செய்வாங்க, முதல்ல பார்த்தப்ப அசந்துட்டேன், அப்படியே நம்ம அதிரசம். ஊறின அரிசிய உரல்ல இடிச்சு, வெல்லப் பாகுல சேர்த்துக் கிளறி, கடுகு எண்ணெயில சுடறாங்க. கல்யாணமாகி பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போகும்போது கூடை நிறைய அர்சா கட்டி அனுப்பணும், அதை அந்த ஊர்ல வீடு வீடா பங்கு போடுவாங்க. தெற்கே இருந்து கேதார், பத்ரிக்கு பூசைக்கு வந்தவங்க கொண்டு வந்ததுன்னு இங்க பெரியவங்க சொல்றாங்க. பத்ரிநாத் கோயில்ல கேரள நம்பூதிரி தானே ராவல், அதாவது தலைமைப் பூசாரி, அதை வச்சுப் பார்த்தா தெக்குக்கும் இந்த மலைக்கும் போக்குவரத்து ரொம்ப நாளா இருந்திருக்கு. வாசனை மட்டும் கடுகு எண்ணெய், அது பழக கொஞ்சம் நாளாகும். இடிக்கறது எல்லாம் பொம்பளைங்க ரெண்டு பேரா நின்னு மாத்தி மாத்தி உலக்கை போடறது, பாட்டு வேற பாடுவாங்க.

கல்வெட்டு_பிரியன்

ரவி அண்ணா சொன்னதுக்கு ஒட்டி ஒரு தகவல். திருமலைக் கோயில்ல விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள்ல அதிரசப்படின்னு வருது. அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி, அதிரசப்படின்னு பெருமாளுக்கு எந்த நாள்ல என்ன படைக்கணும், அதுக்கு எவ்வளவு அரிசி, நெய், சர்க்கரை அளக்கணும், படைச்சதுல கட்டளைக்காரருக்கு, அதாவது அந்தப் படையலுக்கு தானம் கொடுத்தவருக்கு, எவ்வளவு பங்கு, எல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. இன்னைக்கு திருப்பதின்னாலே லட்டு தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது, அதுக்கு 2009ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. லட்டு பேசப்படறதுக்கு முன்னாடியே அங்க அதிரசம் படையல்ல இருந்திருக்கு, அது பலருக்குத் தெரியல, எனக்கு அது பெரிய ஆதங்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாத்துக்கும் குறியீடு வந்துருச்சு, நல்லது. அதிரசத்துக்கு அப்படி ஒரு ஊரைக் கை காட்ட முடியாது. அமாவாசை வந்தா எல்லா ஊர்லயும் அடுப்புல ஏறும்.

பிரகாஷ்_பெரம்பூர்

ஒருவேளை நடுவழி ஒண்ணு இருக்கு வசு மேடம். பாகு நீங்க பாருங்க, மாவு மட்டும் மில்லுல கொடுங்க. தீபாவளி சமயத்துல ஈர அரிசி அரைக்கறதுக்குன்னே மெஷினை ஒதுக்கி வச்சிருப்பாங்க, எங்க பக்கத்துல காலையில 6 மணிக்கே கியூ நிக்கும். உங்களுக்கு முன்னாடி யாராவது மிளகாய் அரைச்சிருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. அத்தையும் சந்தோஷம், உங்க கையும் தப்பிக்கும்.

வாணியம்பாடி_வசு

இது நல்ல யோசனை அண்ணா, முக்கா கிலோ தானே, மிக்ஸிலயே முடிச்சிடுவேன்னு நினைக்கறேன். பெரிய கவலை வேற. நோன்புக்கு படைக்கறதுக்கு முன்னாடி வாயில வச்சுப் பார்க்க முடியாது. சுட்டா தான் பிரியுதா இல்லையான்னே தெரியும், அன்னைக்கு காலையில பிரிஞ்சுதுன்னா என்ன பண்றது?

நெய்வேலி_சரளா

இதுக்கு வழி இருக்கு. மாவு கிளறினதும் நோன்பு மாவுக்குன்னு தனிப் பாத்திரத்துல எடுத்து மூடிட்டு, ஒரு உருண்டை மட்டும் வேற கிண்ணத்துல ஒதுக்குங்க. அது நோன்புக் கணக்குல வராது. மறுநாள் சாயங்காலம் அந்த உருண்டையைத் தட்டி ஒண்ணு சுட்டுப் பாருங்க, பிள்ளைங்க சாப்பிடட்டும். பிரிஞ்சுதுன்னா, நிறுத்தி வச்ச அந்த ஒரு கைப்பிடி ஈர மாவு இருக்கில்ல, அதை ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, எடுத்து கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துப் பிசைஞ்சா சரியாகிடும். அதுவும் போதலன்னா ஒரு ஸ்பூன் கோதுமை மாவு, அதுக்கு மேல போகாதீங்க. கல்லா இருந்தா காய்ச்சின பால் ஒரு ஸ்பூன் தெளிச்சுப் பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி வைங்க.

சுடும்போது எண்ணெய் நல்லா காஞ்சதும் தீயைக் குறைச்சு மிதமா வச்சுக்கோங்க. ஒரு சிட்டிகை மாவு போட்டா உடனே மேல வரக்கூடாது, அடியில ஒரு நொடி தங்கி வரணும். வாழையிலையில நெய் தொட்டு, அரை விரல் கனத்துக்கு கொஞ்சம் குறைவா தட்டி, ஒரு நேரத்துக்கு ஒண்ணு மட்டும் போடுங்க. மெல்லிசா தட்டினா மொறுமொறுன்னு தட்டை மாதிரி ஆகிடும். மேல எழும்பினதும் திருப்புங்க, ரெண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துடுங்க, கருக்க விடாதீங்க, வெளிய எடுத்தப்பறமும் சூட்டுல நிறம் ஏறும். ரெண்டு தட்டைக் கரண்டி நடுவுல வச்சு மெதுவா அழுத்தி எண்ணெயை வடிச்சு, சூடு ஆறற வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, ஒட்டிக்கும்.

உணவு_கார்த்தி

ஒரே ஒரு சேர்க்கை. மாவை 2 நாள் வெளிய வைக்கலாம், வெல்லம் அதிகமா இருக்கறதால கெடாது, ஆனா ஈரக்கையோட தொடாதீங்க. 3 நாளுக்கு மேல போச்சுன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு, சுடறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க. குளிர்ந்த மாவைத் தட்டினா ஓரம் வெடிக்கும்.

வாணியம்பாடி_வசு

சரி கார்த்தி. அணைக்கட்டு வெல்லத்துக்கு வீட்டுக்காரர் கிட்ட சொல்லியாச்சு, அரிசி அத்தையே பார்த்து எடுத்துக் கொடுத்தாங்க. தீபாவளிக்கு 3 நாள் முன்னாடி கிளறறோம். எள்ளு போடலாமா வேணாமான்னு தான் இப்ப எங்களுக்குள்ள பேச்சு, அத்தைக்கு வேணாம், எனக்கு வேணும்.

விஜயவாடா_சுந்தர்

எள்ளு போடுங்க மேடம், லேசா வறுத்துப் போடுங்க, வாசனையே வேற.

நெய்வேலி_சரளா

நோன்பு மாவுல அத்தை சொல்ற மாதிரியே விடுங்க. ஒதுக்கி வச்ச உருண்டையில எள்ளு போட்டுக்கோங்க வசும்மா.